செகிரோ: காதால் ஆட வேண்டிய கத்திச் சண்டை

“ண்ணா, எல்1 வேலை செய்யலண்ணா.”

செகிரோ என்ற வாள்சண்டை வீடியோ கேம் ஓடுகிற கேமிங் சென்டரில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் இந்தப் புகார் காதில் விழாமல் போகாது. எல்1 என்பது கன்ட்ரோலரில் எதிரியின் வெட்டைத் தடுக்கிற பட்டன். காட்பாடியானாலும் சத்துவாச்சாரியானாலும் கதை ஒன்றுதான். கடைக்காரர் வேறு கன்ட்ரோலர் எடுத்துக் கொடுப்பார். அதிலும் அதே அடி, அதே சாவு. பெரும்பாலும் பட்டனில் கோளாறே இருக்காது. ஒன்று, விரல் தாளம் தப்புகிறது. இல்லையென்றால், டிவி படத்தைத் தாமதமாகக் காட்டுகிறது. இரண்டில் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு, வேகமான வாள்சண்டை கேம்களில் இதற்கு மேல் ஒன்று இல்லை. தெரியாதவர் கொடுத்த காசுக்கு எரிச்சலைத்தான் வாங்கிக்கொண்டு போவார்.

முழுப் பெயர் ‘செகிரோ: ஷேடோஸ் டை ட்வைஸ்’. ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் உருவாக்கியது, ஆக்டிவிஷன் வெளியிட்டது. இயக்குநர் ஹிடெடாகா மியாசாகி. 2019 மார்ச் 22-ல் பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன், பிசி மூன்றுக்கும் ஒன்றாக வந்தது. அந்த ஆண்டு ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில் ஆண்டின் சிறந்த கேம் விருதும் இதற்குத்தான். களம், ஜப்பானின் செங்கோகு காலக் கடைசியில் அஷினா என்கிற கற்பனை நாடு. ‘ஓநாய்’ என்று அழைக்கப்படும் ஷினோபி, அதாவது மறைந்து தாக்கும் நிஞ்ஜா, தன் சின்ன எஜமான் குரோவைக் காக்கப் போய் இடக்கையை இழக்கிறான். பாழடைந்த கோயிலில் இருக்கும் சிற்பி ஒருவர் அவனுக்குச் செயற்கைக் கை பொருத்திவிடுகிறார். வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்க இவ்வளவு கதை போதும். மீதி எல்லாம் வாள்.

மற்ற கேம்களில் அடி வரும்போது உருண்டு ஒதுங்கியே பழகிய விரல் இங்கே முதல் நாளிலேயே மாட்டிக்கொள்ளும். செகிரோவில் விலகுவதற்கு பட்டன் உண்டு. ஆனால் விலகி விலகி யாரையும் ஜெயிக்க முடியாது. பாஸுக்கு, அதாவது வழியை மறித்து நிற்கும் பெரிய எதிரிக்கு, இரண்டு அளவுகோல் உண்டு. இடது மேல் மூலையில் சிவப்பாக இருப்பது உயிர். திரையின் மேலே நடுவில் இரு பக்கமும் மஞ்சளாக விரிவது போஸ்சர், அதாவது அவன் நிற்கிற நிலை. போஸ்சர் நிறைந்தால், உயிர் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் சரி, ஒரே குத்தில் அந்தக் கட்டம் முடிந்தது. சிலம்பம் தெரிந்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். கம்பு உடம்பில் படாமலேயே ஆளைச் சாய்க்கலாம். அவன் சுவடு தப்பினால் போதும்.

போஸ்சர் ஏற வழி இரண்டு. நாம் அடிப்பது ஒன்று. அவன் அடியைச் சரியான நொடியில் வாளால் தட்டிவிடுவது இன்னொன்று. அதற்குப் பெயர் டிஃப்ளெக்ட். இதில் பலரும் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. எதிரியின் உயிர் நிறைய இருக்கும்போது போஸ்சர் சட்டென்று தணிந்துவிடும். உயிர் குறையக் குறையத் தணிவதும் மெதுவாகும். ஆகவே முதலில் கிடைக்கிற இடைவெளியில் எல்லாம் வெட்டி உயிரைப் பாதிக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குப் பிறகுதான் டிஃப்ளெக்ட் முழுப் பலன் தரும். ஒரு கொத்து அடி வாங்கியதும் பயந்து பத்தடி பின்னால் ஓடி, மருந்து குடித்து, மூச்சு வாங்கி வருகிறவர் அந்த நேரத்தில் எதிரியின் போஸ்சரையும் ஆறவிட்டுத்தான் வருகிறார். இருபது நிமிடம் சண்டை போட்டும் மஞ்சள் ஏறவில்லை என்பவர்கள் எல்லோருக்கும் காரணம் இதுதான். நம்முடைய போஸ்சர் ஏறிவிட்டால் தடுப்பு பட்டனைப் பிடித்தபடி நிற்க வேண்டும். கையை விட்டு நிற்பதைவிட அப்படிச் சீக்கிரம் இறங்கும்.

இனி அந்த ஒரு பட்டன். எல்1-ஐ அழுத்துகிற கணத்தில் டிஃப்ளெக்ட் வாசல் திறக்கிறது. ஆட்டக்காரர்கள் ஃபிரேம் ஃபிரேமாக எண்ணிச் சொன்ன கணக்குப்படி அது ஏறத்தாழ 0.2 நொடி. அதற்குப் பிறகும் பட்டனைப் பிடித்திருந்தால் வெறும் தடுப்பு. அதாவது சற்று முந்தி அழுத்தினால் வெட்டு உடம்பில் படாது, நம் போஸ்சர் மட்டும் கொஞ்சம் ஏறும். பிந்தி அழுத்தினால் உயிரே போகும். எனவே சந்தேகம் வரும் இடத்தில் எல்லாம் முந்திக்கொள்வதுதான் சரி. இதைத் தெரிந்துகொண்டு சிலர் எல்1-ஐப் படபடவென்று தட்டிக்கொண்டே இருப்பார்கள். கேம் அதற்கும் வழி வைத்திருக்கிறது: அடுத்தடுத்துத் தட்டத் தட்ட வாசல் சுருங்கிக்கொண்டே போகும். அரை நொடி விரலை ஆறவிட்டால் பழைய அளவுக்குத் திரும்பும். ஒரு அடிக்கு ஒரு தட்டு, அவ்வளவுதான். சரியாகத் தட்டிக்கொண்டே இருக்கும் வரை நம் போஸ்சர் முழுக்க நிறைந்தாலும் உடையாது என்பது கூடுதல் ஆறுதல்.

சரியாகத் தட்டினோமா என்று காது சொல்லும். வெறும் தடுப்பு என்றால் மந்தமான ஓசை, மங்கிய பொறி. டிஃப்ளெக்ட் என்றால் வெண்கலக் கிண்ணத்தைச் சுண்டியது போலக் கூர்மையான ‘டிங்’, கூடவே பெரிய ஆரஞ்சுப் பொறி. கண் ஏமாறும், எதிரியின் சட்டை பறக்கும், கேமரா சுற்றும், பின்னால் பனி பெய்யும். காது ஏமாறாது. ஆரணி, செய்யாறு பக்கத்துக் கூத்தில் பதினெட்டாம் நாள் பீமனும் துரியோதனனும் எதிரெதிரே சுழலும்போது, அடுத்த அடி எங்கே விழும் என்பதை மத்தளம்தான் சொல்கிறது. ஆடுகிறவர் எதிராளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கால் வைப்பதில்லை. செகிரோவின் ஒவ்வொரு பாஸுக்கும் அப்படி ஒரு ஜதி உண்டு. அதை வாயால் முணுமுணுக்கத் தெரிந்த அன்று அவன் விழுந்துவிடுவான்.

இதை நேராகப் பார்க்க நல்ல இடம், அஷினா கோட்டையின் மேல்கோபுரத்தில் நிற்கும் ஜின்சுகே சாசே. பெரிய பாஸ்கூட இல்லை, மினி பாஸ்தான். ஆனால் இந்த கேம் என்ன கேட்கிறது என்பதை ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுப்பவன் அவன்தான். வாளை உறையில் போடுவான். உடம்பைத் தாழ்த்தி, பிடியில் கை வைத்து, அப்படியே நிற்பான். நமக்குக் கை பரபரக்கும். ஓடிப்போய் வெட்டினால் செத்தோம். அவன் உருவுவது கண்ணுக்கே தெரியாது. இரண்டு வெட்டு, குறுக்கும் மறுக்குமாக, ஒன்றின் மேல் ஒன்று விழுகிற வேகத்தில். கண்ணால் பார்த்துத் தட்டுவது நடக்காத காரியம். செய்ய வேண்டியது: நாலைந்து எட்டு தூரத்தில் அவனைச் சுற்றி மெதுவாக நடக்க வேண்டும். அவன் தாழ்ந்ததும் நிற்க வேண்டும். உருவத் தொடங்கும் அசைவு தெரிந்த உடனே ‘டக்-டக்’ என்று இரண்டு தட்டு. நடுவில் இடைவெளி மிகக் குறைவு, ஆனால் இடைவெளி உண்டு. இரண்டையும் சேர்த்து ஒரே அழுத்தாக அழுத்தினால் இரண்டாவது வெட்டு வெறும் தடுப்பாகிவிடும். இரண்டும் ‘டிங்-டிங்’ என்று விழுந்தால் மஞ்சள் பட்டை ஒரே தாவாகத் தாவும். நாலைந்து தடவை இப்படி அமைந்தால் நாம் ஒரு வெட்டுக்கூட வெட்டாமலேயே அவன் குலைந்து நிற்பான்.

சாசேயிடம் நாற்பது முறை செத்தும் ஒரு தடவைகூட இரண்டாவது ‘டிங்’ வரவில்லை என்றால், விரலைக் குற்றம் சொல்வதற்கு முன் டிவியைப் பாருங்கள்.

டிவிக்குள் வரும் படம் அப்படியே திரைக்குப் போவதில்லை. நிறத்தைத் திருத்துகிறேன், அசைவை வழவழப்பாக்குகிறேன் என்று டிவி இடையில் வேலை செய்யும். ‘ஸ்டாண்டர்டு’, ‘விவிட்’, ‘சினிமா’ போன்ற மோடுகளில் இந்தத் தாமதம் சில டிவிகளில் 100 மில்லிநொடியைத் தொடும். 0.2 நொடி வாசலில் பாதி அது. வாசல் சுருங்குவதில்லை, மொத்தமாகத் தள்ளிப்போகிறது. பார்த்து அழுத்துகிறவர் ஒவ்வொரு முறையும் பிந்துகிறார். ரிமோட்டில் பிக்சர் மோடுக்குப் போய் ‘கேம்’ என்று இருந்தால் அதற்கு மாற்ற வேண்டும். சில டிவிகளில் இது ஒவ்வொரு எச்டிஎம்ஐ பொத்தலுக்கும் தனித்தனி. முதல் பொத்தலில் மாற்றிவிட்டு இரண்டாவதில் பிஎஸ்4-ஐச் செருகினால் பலன் இல்லை. கேம் மோடே இல்லாத பழைய டிவி என்றால் மோஷன் ஸ்மூத்திங், நாய்ஸ் ரிடக்‌ஷன் இரண்டையும் அணைத்துவிட வேண்டும். 22 அங்குல சாதாரண கம்ப்யூட்டர் மானிட்டர், 55 அங்குல டிவியைவிட இந்த கேமுக்கு நல்லது.

அடுத்த குற்றவாளி புளூடூத் நெக்பேண்ட். காதை நம்பி ஆட வேண்டிய கேமில் ஓசை படத்துக்குப் பின்னால் தவழ்ந்து வந்தால் மூளை குழம்பும். கன்ட்ரோலரின் அடியில் இருக்கும் 3.5 மிமீ பொத்தலில் வயர் இயர்போனைச் செருகினால் போதும். 300 ரூபாய் இயர்போன் 3,000 ரூபாய் நெக்பேண்டை இங்கே தோற்கடிக்கும்.

கோளாறு விரலிலா டிவியிலா என்று பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. பாழடைந்த கோயிலுக்கு வெளியே ஹன்பே என்று ஒருவர் நிற்பார். சாகாவரம் பெற்றவர். பயிற்சிக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் வெட்டு வாங்குவார், வெட்டும் கொடுப்பார். டிஃப்ளெக்ட் பயிற்சியைத் தேர்ந்தெடுத்து, வாள் நம்மை நெருங்கும் படத்தை மட்டும் பார்த்து இருபது முறை தட்டுங்கள். தவறுகள் சிதறி, சில முந்தியும் சில பிந்தியும் வந்தால் கோளாறு விரலில், பழக்கத்தில் சரியாகிவிடும். எல்லாத் தவறும் ஒரே மாதிரி பிந்தியே வந்தால் கோளாறு டிவியில். கடையில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஆடுபவர்கள் இந்தச் சோதனையை முதல் ஐந்து நிமிடத்திலேயே செய்துவிட வேண்டும். வேறு சிஸ்டம் கேட்டு மாறுவதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

பிசியில் ஆடுகிறவர்களுக்கு நல்ல செய்தி: இது பெரிய மெஷின் கேட்கிற கேம் அல்ல. குறைந்தபட்சம் ஐ3-2100 பிராசஸர், 4 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 760 கிராஃபிக்ஸ் கார்டு. பரிந்துரைப்பது ஐ5-2500கே, 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 970. டிஸ்கில் 25 ஜிபி இடம். ஜிடிஎக்ஸ் 1650 போட்ட கல்லூரி லேப்டாப்பே போதும். ஃபிரேம் ரேட், அதாவது நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை, 60-க்கு மேல் போகாது, கேமே பூட்டி வைத்திருக்கிறது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்காகக் காசு செலவழித்தவர்கள் இதில் அதைப் பார்க்க முடியாது. மோஷன் பிளர், டெப்த் ஆஃப் ஃபீல்டு இரண்டையும் அணைத்துவிடுங்கள். எதிரியின் தோள் அசைவு தெளிவாகத் தெரியும். எஸ்எஸ்டி இருந்தால் செத்து எழும் நேரம் நன்றாகக் குறையும். இந்த கேமில் எத்தனை முறை சாகப்போகிறோம் என்று நினைத்தால் அது சின்ன விஷயம் இல்லை.

வேலூர் வெயிலை மட்டும் கணக்கில் வைக்க வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் மாடி அறையில் லேப்டாப் முதல் இருபது நிமிடம் 60 ஃபிரேம் காட்டும். பிறகு சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். ஃபிரேம் 40, 45 என்று தடுமாறும்போது தாளம் கலைந்துவிடும். பாஸிடம் முதல் ஐந்து முயற்சி நன்றாக ஆடி அடுத்த பத்தில் சொதப்புபவர்கள் ஃபிரேம் கவுண்டரைப் போட்டுப் பார்க்க வேண்டும். காரணம் பல நேரம் அங்கே இருக்கும். லேப்டாப்பின் பின்பக்கத்தை இரண்டு அங்குலம் தூக்கி வைப்பது, ஆண்டுக்கு ஒரு முறை ஃபேன் தூசி எடுப்பது, ஷேடோ தரத்தை ‘மீடியம்’ ஆக்குவது மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் சரியாகும். மெத்தை மேல் வைத்து ஆடுவது கூடவே கூடாது. கை வியர்த்து எல்1 வழுக்கும். மடியில் ஒரு பழைய காட்டன் துண்டு இருக்கட்டும்.

கரண்ட் போவதைப் பற்றி. கேம் தானாகவே அடிக்கடி சேவ் செய்துகொள்ளும், அதனால் முன்னேற்றம் பெரிதாக இழக்க நேராது. ஆனால் சேவ் எழுதும் அதே நொடியில் டெஸ்க்டாப் அணைந்தால் கோப்பு கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. வீட்டு இன்வெர்ட்டரின் பின்னால் ‘யுபிஎஸ் மோடு’ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது ‘நார்மல்’ பக்கம் இருந்தால் மாறும் நேரத்தில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். யுபிஎஸ் பக்கம் தள்ளினால் தாங்கும். கூடவே, விண்டோஸில் ஆப்டேட்டா, அதற்குள் ரோமிங், அதற்குள் செகிரோ என்ற ஃபோல்டரை வாரம் ஒரு முறை பென்டிரைவில் நகல் எடுத்து வைக்க வேண்டும். சில எம்பிதான் இருக்கும்.

பிஎஸ்4 சாதாரண மாடலில் ஃபிரேம் ரேட் 30-க்கு மேலே நிலையில்லாமல் ஆடிக்கொண்டே இருக்கும். ஆட முடியாது என்றில்லை, ஆனால் இதே டிஸ்கைப் பிஎஸ்5-ல் போட்டால் 60-ல் வழுக்கிக்கொண்டு போகும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெளிவாகத் தெரியும். கையில் இரண்டும் இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

மீண்டும் வாளுக்கு. திரையில் சிவப்பில் ஒரு எழுத்து மின்னி, எச்சரிக்கை ஓசை கேட்டால், வருவது சாதாரணமாகத் தடுக்க முடியாத அடி. மூன்று வகை. குத்து வந்தால் அவனை நோக்கியே விலகல் பட்டனை அழுத்த வேண்டும்; ஓநாய் அவன் ஆயுதத்தைக் காலால் மிதித்து அமுக்குவான். இதற்கு ‘மிகிரி கவுன்டர்’ திறமை வேண்டும், 2 ஸ்கில் பாயின்ட். முதல் இரண்டு பாயின்ட் வேறு எதற்கும் போகக் கூடாது. காலை வாரும் வீச்சு வந்தால் குதிக்க வேண்டும். காற்றில் இருக்கும்போதே இன்னொரு முறை குதி பட்டனை அழுத்தினால் அவன் தலையில் ஏறி உதைப்பான், போஸ்சர் நன்றாக ஏறும். பிடிக்க வந்தால் விலகி ஓட வேண்டும், தடுக்கவே முடியாது. மூன்றுக்கும் ஒரே சிவப்பு எழுத்துதான் என்பதில்தான் சூட்சுமம். எழுத்தைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. ஆயுதத்தின் முனை நம்மைப் பார்த்தால் குத்து. ஆயுதம் தரையோடு தாழ்ந்தால் வீச்சு. கை விரிந்தால் பிடி.

முதல் பத்து மணி நேரத்தை எந்த வரிசையில் ஆடுவது என்பதில்தான் பலரும் வழி தவறுகிறார்கள். அஷினா எல்லைப்புறத்தில் சங்கிலியில் கட்டிய ராட்சதன் ஒருவன் வருவான். அவனிடம் மோதிச் சலித்து கேமையே மூடிவிட்டவர்கள் உண்டு. அவன் கண் சிவப்பு. சிவந்த கண்ணுக்கு நெருப்பு ஆகாது. அதனால் அவனை அப்படியே விட்டுவிட்டு, அதே எல்லைப்புறத்தில் ஒரு வீட்டுக்குள் இருக்கும் கிழவியிடம் பேசி மணியை வாங்கி, கோயிலில் புத்தர் சிலை முன் வைத்தால் ஹிராட்டா மாளிகை என்ற பழைய நினைவுக்குள் போகலாம். அங்கே தீ மூட்டி நிற்கும் காவலர்களைத் தாண்டினால் நெருப்புக் கருவிக்கான பொருள் கிடைக்கும். சிற்பியிடம் கொடுத்துக் கையில் பொருத்திக்கொண்டு திரும்பி வந்தால், முதலில் எண்ணெய்க் குடுவையை வீசி, பிறகு தீ. ராட்சதன் எரிந்துகொண்டு துடிப்பான். 500 சென் (கேமுக்குள் புழங்கும் காசு) சேர்ந்ததும் எல்லைப்புற வியாபாரியிடம் பட்டாசு வாங்கிவிட வேண்டும். குதிரை, காளை, எந்த மிருகம் வந்தாலும் பட்டாசுக்கு மிரளும். கியோபு என்ற பாஸ் குதிரையில் வரும்போது இது பாதிச் சண்டை.

மினி பாஸ்களுக்குப் பெரும்பாலும் இரண்டு சிவப்புப் புள்ளி, அதாவது இரண்டு முறை கொல்ல வேண்டும். சுற்றியிருக்கும் அடியாட்களை முதலில் தீர்த்துவிட்டு, கூரைக்கு ஓடி மறைந்து, அவன் தேடி ஓய்ந்து திரும்பிய பிறகு பின்னாலிருந்து குத்தினால் முதல் புள்ளி சண்டையே இல்லாமல் போகும். இதைச் செய்வது கோழைத்தனம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். கதாநாயகன் ஷினோபி, அவன் தொழிலே அதுதான்.

இந்த கேமின் உண்மையான வாசற்படி கோட்டை உச்சியில் நிற்கும் கெனிசிரோ. அதுவரை மறைந்தும் ஓடியும் பட்டாசு போட்டும் தப்பித்து வந்தவர் இங்கே நிற்க வேண்டியதுதான். ஒரு கொத்தாக ஏழெட்டு வெட்டு வெட்டுவான். ஒன்றன் பின் ஒன்றாகத் தட்ட வேண்டும். கொத்து முடிந்ததும் ஓய்வு என்று கையைத் தளர்த்தினால் அங்கேதான் சிவப்பு எழுத்து மின்னும். குத்தோ வீச்சோ இரண்டில் ஒன்று. கொத்தின் கடைசி ‘டிங்’ விழுந்ததும் கண் அவன் வாள்முனைக்குப் போய்விட வேண்டும். மூன்றாம் கட்டத்தில் கவசத்தைக் களைந்துவிட்டு மின்னலோடு வருவான். பார்க்கப் பயங்கரம், ஆனால் அதுதான் நமக்கு வரம். அவன் மின்னலை வீசும்போது குதித்து, காற்றில் இருக்கும்போதே வாங்கி, கால் தரையில் படும் முன் தாக்கு பட்டனை அழுத்தினால் அதே மின்னல் அவனுக்கே திரும்பும். தரையில் நின்று வாங்கினால் பாதி உயிர் போகும். இங்கே பொதுவாக நடக்கும் தவறு: சீக்கிரம் குதித்து, மின்னல் வருவதற்குள் தரைக்கு வந்துவிடுவது.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். கேமராதான் முதல் குறை. சுவர் ஓரத்தில் மாட்டிக்கொண்டால், எதிரியின் மேல் கேமராவைப் பூட்டி வைக்கும் லாக்-ஆன் அறுந்துபோகும், திரை முழுக்க நம் முதுகும் ஒரு தூணும் மட்டும் தெரியும். 2019-லிருந்து இன்று வரை இது சரியாகவில்லை. சண்டையை எப்போதும் நடு மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு வருவதைத் தவிர வேறு மருந்து இல்லை.

இரண்டாவது, கைக்கருவிகளுக்குச் செலவாகும் ஸ்பிரிட் எம்பளம். ஒரே நேரத்தில் 15 தான் வைத்திருக்க முடியும், ஒரு ஸ்கில் எடுத்தால் இன்னும் கொஞ்சம் கூடும். ஒரு பாஸிடம் முப்பது முறை மோதினால் கையிருப்பு தீர்ந்துபோய், வாங்கக் காசு சேர்க்கவே தனியாக ஒரு மணி நேரம் அலைய வேண்டியிருக்கும். பழகிப் பார்க்க வேண்டிய கருவிகளைப் பழக விடாமல் தடுக்கிற ஏற்பாடு இது. இதற்கு நியாயம் எதுவும் தெரியவில்லை. முதல் பத்து முயற்சியில் கருவியைத் தொடாமல் வாளால் மட்டும் ஆடி ஜதியைப் படித்துக்கொள்வது, அதற்குப் பிறகு எம்பளத்தைச் செலவழிப்பது நல்லது.

செத்தால் கையிலிருக்கும் சென் பாதி போகும், அடுத்த ஸ்கில் பாயின்டுக்குச் சேர்த்த அனுபவத்திலும் பாதி போகும். சேர்ந்து முடிந்த பாயின்ட் போகாது. காசைப் பையாக மாற்றி வைத்தால் அதுவும் போகாது. 100 சென் பையை வியாபாரி 110-க்குக் கொடுப்பார். பத்து சென் நஷ்டம், ஆனால் பாஸ் வாசலில் நிற்கும்போது அது லாபம். அடிக்கடி செத்தால் ஊர்க்காரர்களுக்கு ‘டிராகன்ராட்’ என்ற இருமல் வரும். இதைப் பார்த்துப் பதறி கேமையே திரும்பத் தொடங்கியவர்கள் உண்டு. அவசியமே இல்லை. அவர்கள் யாரும் அதனால் சாக மாட்டார்கள்; அவர்கள் கதை மட்டும் நிற்கும். பாஸை முடித்த பிறகு மருந்து போட்டால் போதும்.

ஈஸி, நார்மல் என்று எந்தத் தேர்வும் கிடையாது. எல்லோருக்கும் ஒரே கடினம். கண் பார்வையிலோ விரல் அசைவிலோ சிரமம் உள்ளவர்களுக்கு இந்த கேம் கதவைத் திறக்கவில்லை என்பது வருத்தமான விஷயம். வசனம் தமிழில் இல்லை. ஜப்பானியக் குரலை வைத்து ஆங்கில எழுத்தைப் படிப்பதுதான் சிறப்பு, ஆனால் எழுத்து சிறியது. தூரத்து டிவியில் கண் வலிக்கும். ரத்தம் நிறையத் தெறிக்கும். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான கேம். இருந்தாலும் வீட்டில் குழந்தைகள் குறுக்கே வருவார்கள் என்றால் ஆப்ஷனில் ரத்தத்தைக் குறைக்கவோ முழுக்க அணைக்கவோ வசதி இருக்கிறது. பாஸ் சண்டையின் நடுவிலும் கேமை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகலாம். இதே நிறுவனத்தின் ‘டார்க் சோல்ஸ்’ போன்ற கேம்களில் கிடைக்காத சலுகை.

வாங்குவதைப் பொறுத்தவரை, முழு விலை கொடுக்க அவசரப்பட வேண்டாம். ஸ்டீம் பண்டிகை விற்பனைகளில் பாதி விலைக்கு இறங்கும். முதல் முறை முடிக்க முப்பது மணி நேரம் ஆகும், சாசேக்களையும் கெனிசிரோக்களையும் பொறுத்து அது நாற்பதும் ஆகலாம். கடையில் மணிக்கணக்குக்கு ஆடி முடிப்பதைவிடப் பழைய பிஎஸ்4 டிஸ்க் வாங்குவது மலிவு. ஆடி முடித்ததும் அதை அடுத்தவருக்குக் கொடுத்துக் காசாக்கலாம். ஆன்லைன் தேவையில்லை; பிராட்பேண்ட் போனாலும் கேம் நிற்காது.

2020 அக்டோபரில் வந்த இலவச அப்டேட்டை மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். தோற்கடித்த பாஸ்களை எப்போது வேண்டுமானாலும் மறுபடி கூப்பிட்டுச் சண்டையிடும் வசதி அதில்தான் வந்தது. பத்து நிமிடம் கிடைத்தால் ஒரே ஒரு பாஸ் மட்டும் ஆடலாம் என்பதால், முடித்தவர்கள்கூட இந்த கேமை டிஸ்கிலிருந்து அழிப்பதில்லை. இரண்டாவது சுற்றில் குரோ கொடுத்த தாயத்தை அவரிடமே திருப்பிக் கொடுக்கலாம். அதற்குப் பிறகு வெறும் தடுப்பு நம்மைக் காக்காது. டிஃப்ளெக்ட் ஆகாத ஒவ்வொரு மந்தமான ஓசைக்கும் கொஞ்சம் உயிர் கசியும்.